குடும்பப் பயணத்துக்கும் கடல் போட்டிக்கும் ஒரே படகு போதுமா? கான்டெசா 32, சிக்மா 33, ஜே/24

கேள்வி: சோலண்ட்_புதியவன்

வணக்கம். சவுத்தாம்ப்டனில் இருக்கிறேன். நான்கு வருடங்களாக மற்றவர்களின் பாய்மரப் படகுகளில் போட்டிக்குப் போய்வருகிறேன். பெரும்பாலும் படகின் முன்முனையான அணியத்தில் நின்று, பின்காற்றுக்குக் கட்டும் பெரிய ஸ்பின்னக்கர் பாயை ஏற்றி இறக்கும் வேலை. போன வருடம், பகலில் படகை நடத்திப் போகக் கற்றதற்கான டே ஸ்கிப்பர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். இப்போது சொந்தமாக ஒரு படகு வாங்க வேண்டும்.

வீட்டில் நான்கு பேர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. மனைவிக்குக் கடல் பிடிக்கும். படகு சாய்ந்தால் மட்டும் முகம் மாறிவிடும். ஆகஸ்டில் இரண்டு வாரம் பூல், வேமவுத் என்று போய், காற்று ஒத்துழைத்தால் பிரான்ஸின் செர்பூர்க் வரை நால்வரும் போய்வர ஆசை. அதே படகில் போட்டியும் வேண்டும். வைட் தீவைச் சுற்றும் ஐம்பது மைல் போட்டி, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் இரவுப் போட்டிகள், என்றாவது ஒருநாள் அயர்லாந்துப் பக்கப் பாறையைச் சுற்றி வரும் ஃபாஸ்ட்நெட் நெடும்போட்டி.

ஒரே வடிவப் படகு, அதாவது ஒன் டிசைன், வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இப்போது நான் ஓடும் படகு, வெவ்வேறு வடிவப் படகுகளின் நேரத்தைத் திருத்தி ஒப்பிடும் ஐ.ஆர்.சி. மதிப்பீட்டுக் கணக்கில் ஓடுகிறது. கடைசிச் சுற்று முழுக்க ஒரு படகோடு தோளோடு தோள் மோதி, அரைப் படகு நீளத்தில் அதை முந்திக் கோட்டைக் கடப்போம். கரைக்கு வந்து தேநீர் குடித்து முடித்த பிறகு, நேரத்தைப் பெருக்கி வகுத்துப் பார்த்து, நாங்கள் ஏழாவது என்று சொல்வார்கள். யாரோடு மோதினோமோ அவர் பதினொன்றாவது. எங்கள் கண்ணிலேயே படாத ஒருவர் முதலாவது. எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. முன்னால் போகிறவர் முன்னால் இருக்கிறார் என்று என் மகளும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

படகுக்கு 25,000 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன். முதல் வருடப் பழுது வேலைகளுக்கு 6,000 தனியாக வைத்திருக்கிறேன். மனதில் இருப்பவை ஜே/24, சிக்மா 33, கான்டெசா 32. இவற்றோடு, பின்பக்கம் நன்றாக அகன்ற முப்பதடிப் படகு ஒன்றையும் ஒரு தரகர் காட்டினார். "இது சாயவே சாயாது, உங்கள் மனைவிக்குப் பிடிக்கும்" என்றார். உள்ளே நுழைந்தால் வீட்டு வரவேற்பறை போல இருக்கிறது. மனைவிக்கு உண்மையிலேயே பிடித்துவிட்டது. ஆனால் அது ஒன் டிசைன் இல்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: முக்கோணப்_பாய்

எட்டு வருடம் ஜே/24 ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். மனதுக்கு நெருக்கமான படகு. அமெரிக்காவில் கனெக்டிகட்டின் ஸ்டோனிங்டனில் ராட் ஜான்ஸ்டன் தன் வீட்டு கார் கொட்டகையில் கட்டிய ஒரு படகிலிருந்து பிறந்தது. 1977இல் விற்பனைக்கு வந்து, இன்று உலகம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அதனால் பழையது மலிவாகக் கிடைக்கும், உதிரிப் பொருள் கிடைக்கும், போட்டி எங்கும் கிடைக்கும். நீங்கள் கேட்கும் அந்த நேருக்கு நேர் மோதலை இதைவிடச் சுத்தமாகத் தரும் படகை நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் பட்டியலில் இது இருக்கக் கூடாது. நீளம் 7.32 மீட்டர், எடை 1,400 கிலோ. அதில், அடியில் இருக்கும் கனமான கீலின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. காற்று ஏறினால் படகை நிமிர்த்திப் பிடிப்பது ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரின் உடல் எடைதான். வகுப்பு விதியே 400 கிலோ வரை ஆட்களை ஏற்ற அனுமதிக்கிறது. உங்கள் வீட்டு நால்வரையும் தராசில் ஏற்றினால் அதில் பாதிதான் தேறும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்துதான் நகர வேண்டும். உட்காரும் பள்ளத்தில் உள்ள பெட்டிகளின் மூடிகளைப் பூட்டாமல் ஓடி, படகு பக்கவாட்டில் படுத்தபோது அந்த வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கிய ஜே/24கள் உண்டு. கரைக்கு அருகில், மீட்புப் படகு பார்வையில் இருக்கும்போது ஓட்ட வேண்டிய படகு இது. செர்பூர்க்குக்கு ஆறு வயதுப் பிள்ளையோடு போக அல்ல.

பதில் 2: ஏரா

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். வேகம், இடவசதி, விலை, சாய்வு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். ஓர் அலை படகைப் புரட்டிப் போட்டால் அது திரும்பி எழுந்து நிற்குமா என்ற கேள்வி மட்டும் இல்லை. பிள்ளைகளை உள்ளே படுக்க வைத்துவிட்டு இரவில் கால்வாயைக் கடக்கப் போகிறீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஏரா என்பது கப்பலின் அடிமரத்துக்குத் தமிழில் உள்ள பழைய சொல். கீல் என்று இன்று எல்லோரும் சொல்வது. நான் இந்தப் பெயரில் எழுதுவதற்கு என் படகுதான் காரணம். 1974ஆம் வருடத்துக் கான்டெசா 32. 2006இல் பக்கத்து வீட்டுக்காரரோடு பாதிப் பாதியாக வாங்கினேன். இன்றும் அப்படியே வைத்திருக்கிறோம்.

1979 ஃபாஸ்ட்நெட் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகஸ்ட் 11 அன்று வைட் தீவின் கௌஸிலிருந்து 303 படகுகள் கிளம்பின. 13ஆம் தேதி இரவு, அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள கெல்டிக் கடலில் அடித்த புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளைக் கைவிட்டார்கள். அவற்றில் ஐந்து மூழ்கின. போட்டியை முடித்தவை 85. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 58 கிளம்பின. அதில் ஒன்றே ஒன்று முடித்தது. அதன் பெயர் அசென்ட். அது ஒரு கான்டெசா 32.

இதை அதிர்ஷ்டக் கதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு நடந்த விசாரணையில், கான்டெசாவையும், அந்தப் போட்டியில் ஓடிய, 'அரை டன்' என்ற போட்டிப் பிரிவைச் சேர்ந்த அகன்ற படகு ஒன்றையும் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அந்த அகன்ற படகு சுமார் 117 பாகை வரை சாய்ந்தால் தானாக எழும். அதைத் தாண்டினால் கவிழ்ந்த நிலையே அதற்கு வசதியான நிலை ஆகிவிடும். கான்டெசாவுக்கு அந்த எல்லை 155 பாகையை ஒட்டி இருக்கிறது. அதாவது முழுக்கத் தலைகீழாவதற்குக் கொஞ்சம் முன்னால் வரை எழுந்துவிடும். முழுக்கவே கவிழ்ந்தாலும், அடுத்த அலை லேசாகத் தட்டினால் போதும்.

காரணம் எளிமையானது. தாம்பாளத்தைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். அசையாமல் நிற்கும். கவிழ்த்துப் போட்டாலும் அதே போல அசையாமல் நிற்கும். தஞ்சாவூர்ப் பொம்மையைத் தள்ளுங்கள். தொட்டதும் சாயும், விட்டதும் எழும். கான்டெசாவின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 2.9 மீட்டர்தான். மொத்த எடை சுமார் 4,300 கிலோ, அதில் ஏறக்குறைய 2,000 கிலோ கீலுக்குள் இருக்கும் ஈயம். டேவிட் சாட்லர் வரைந்து, லிமிங்டனில் ஜெரமி ரோஜர்ஸ் 1970களின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்தது. எழுநூறுக்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.

"சாயவே சாயாது" என்று தரகர் சொன்னது முதல் இருபது பாகைக்கு உண்மை. உங்கள் மனைவி கேட்க வேண்டியது அடுத்த நூற்றைம்பது பாகையைப் பற்றி. எல்லா அகன்ற படகுகளையும் நான் குறை சொல்லவில்லை. இப்போது வருபவற்றில் கீலை ஆழமாக்கி, நுனியில் ஈயக் குண்டு வைத்து நன்றாகச் சரிசெய்கிறார்கள். எந்தப் பாகையில் எழும் சக்தி தீர்கிறது என்று காட்டும் வரைபடம் கேளுங்கள். அதைக் காட்ட முடியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

இனி நான் நேரில் பார்த்தது. 2011 ஜூனில் செர்பூர்க்கிலிருந்து திரும்பினோம். நான், மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், பதினொரு வயது மகன், எட்டு வயது மகள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது தென்மேற்கிலிருந்து நான்காம் நிலைக் காற்று. நடுக்கால்வாயில் மேற்குக்குத் திரும்பி முப்பது நாட், அதாவது மணிக்கு முப்பது கடல் மைல், ஆனது. பெரிய பாயை இரண்டு மடிப்புச் சுருக்கி, முன்னால் சின்ன ஜிப் பாய் மட்டும் வைத்தோம். கப்பல்கள் போகும் தடத்தைக் கடந்த சிறிது நேரத்தில் ஓர் அலை பக்கவாட்டில் வந்து உடைந்தது. உட்காரும் பள்ளம் நிரம்பியது. படகு ஜன்னல் கண்ணாடி தண்ணீரில் அமிழும் அளவுக்குப் படுத்து, ஒரு மூச்சு நின்று, எழுந்து, அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. சுக்கான் பிடியை நான் திருத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். தாழ்ந்த பக்கப் படுக்கையில், துணித் தடுப்புக்குள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தப் படகின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. வைட் தீவின் மேற்கு நுனியான நீடில்ஸ் முனையை, கடல் ஏற்றம் தொடங்கிய பிறகுதான் நெருங்கினோம். மேற்குக் காற்றும் வற்று நீரோட்டமும் எதிரெதிராக இருக்கும்போது ஷிங்கிள்ஸ் திட்டுப் பக்கம் பிள்ளைகளோடு போகவே கூடாது. அந்தக் கணக்கைக் கிளம்பும் துறைமுகத்திலேயே போட்டுவிட வேண்டும்.

குறைகளையும் கேளுங்கள். காற்றை எதிர்த்துப் போகும்போது நனைவீர்கள், தப்பவே முடியாது. பின்காற்றில் ஸ்பின்னக்கர் கட்டினால் இரு பக்கமும் ஆடும். பழகாதவர் வயிறு தாங்காது. உள்ளே ஒருவர் சமைத்தால் மற்றவர் கடந்து போக வழி கேட்க வேண்டும். எங்கள் படகில் பாய்மரக் கம்பி தளத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒழுகி, மகனின் புத்தகங்கள் இரண்டு கோடைகள் ஊறின. மூன்றாம் குளிர்காலத்தில் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பதித்த பிறகுதான் நின்றது.

ஒன் டிசைனைப் பற்றி நீங்கள் உணர்ந்தது சரி. அதில் பண விஷயமும் இருக்கிறது. மதிப்பீட்டுக் கணக்கில் ஓடும் படகுகள், விதி மாறினால், புது வடிவம் வந்தால், கிழடாகிவிடும். எங்கள் படகுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பக்கத்தில் நிற்கும் கான்டெசா அதைவிடப் பல வருடம் பிந்திக் கட்டப்பட்டது. கோட்டில் இரண்டும் சமம். போன பருவத்தில் தீவைச் சுற்றும் போட்டியில் செயின்ட் கேத்தரின்ஸ் முனையிலிருந்து கௌஸ் வரை அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஏன் முந்த முடியவில்லை என்பதற்கு எங்கள் பாய்களும் எங்கள் முடிவுகளும்தான் பதில். கௌஸில் நடக்கும் போட்டி வாரத்தில் கான்டெசாக்களுக்கென்று தனித் தொடக்கமே உண்டு. ஆகவே பழைய உடலை மலிவாக வாங்கி, மிச்சப் பணத்தைப் பாய்களில் போடுங்கள்.

பதில் 3: அக்கரைக்காரி

ஏரா அண்ணா சொன்னதில் கடலைப் பற்றிய எதையும் நான் மறுக்கவில்லை. கேட்டவரின் நாள்காட்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நாங்கள் லிமிங்டனில் நார்டிக் ஃபோக்போட் வைத்திருக்கிறோம். 1942இல் ஸ்வீடனில் முதல் படகு இறங்கியது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய படகு வேண்டும் என்று ஸ்காண்டிநேவியாவில் ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தினார்கள். தனியாக ஒரு வரைபடத்துக்கு வெற்றி கொடுக்காமல், வந்தவற்றில் நல்லவற்றைச் சேர்த்து டோர்ட் சுண்டேன் வரைந்து முடித்தார். நீளம் 7.7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடை 1,930 கிலோ, அதில் பாதிக்கு மேல் கீலின் இரும்பு. ஏரா அண்ணா கேட்கும் பாதுகாப்பு இதிலும் இருக்கிறது. 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டியில் ஹாஸ்லர் என்பவர் இரண்டாவதாக வந்த ஜெஸ்டர் என்ற படகு ஃபோக்போட் உடல்தான். 48 நாள் ஓடினார்.

முக்கியமான விஷயம், இந்த வகுப்பில் ஸ்பின்னக்கர் கிடையாது. மூன்று பேர் போதும். என் மகள் ஒன்பது வயதில் முன்பாய்க் கயிற்றைப் பிடித்தாள், பத்து வயதில் தொடக்கத்துக்கு நேரம் எண்ணினாள். பெரிய படகில் போட்டி என்றால் அப்பாவின் நண்பர்கள் ஆறு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளை கரையில் நிற்கும். கான்டெசாவிலும் ஸ்பின்னக்கரோடு நன்றாக ஓட ஐந்தாறு பேர் வேண்டும். உங்கள் மகள் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து பார்க்கப் போகிறாள்?

எங்கள் படகில் நிமிர்ந்து நிற்க முடியாது, கழிப்பறைக்கு வாளிதான். நால்வர் இரண்டு வாரம் என்பது கஷ்டம். நாங்கள் ஐந்து நாளோடு நிறுத்திக்கொள்கிறோம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் போன வருடம் நீங்கள் எத்தனை நாள் சோலண்டை, அதாவது வைட் தீவுக்கும் நம் கரைக்கும் நடுவில் உள்ள நீரிணையை, விட்டு வெளியே போனீர்கள், எத்தனை மாலை உள்ளேயே ஓடினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் மனைவியிடம் சுக்கானைக் கொடுங்கள். சாய்வு பயமுறுத்துவது வேறொருவர் கையில் பிடி இருக்கும்போதுதான். என் அனுபவத்தில் சொல்கிறேன், முதல் இரண்டு வருடம் நான் பயணியாகத்தான் இருந்தேன். பிடி கைக்கு வந்த மாலையிலேயே, எவ்வளவு தள்ளினால் எவ்வளவு நிமிரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

சோலண்ட்_புதியவன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டபடி எண்ணினேன். போன வருடம் முப்பத்தொரு நாள் ஓடியிருக்கிறேன். அதில் சோலண்டுக்கு வெளியே ஆறு நாள். அந்த ஆறு நாள்தான் இன்னும் நினைவில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

தரகரிடம் சாய்வு வரைபடம் கேட்டேன். தேடித் தருவதாகச் சொன்னார், மறுபடி அழைக்கவில்லை. மனைவி இந்தப் பதில்களைப் படித்துவிட்டு, "அந்த வரவேற்பறை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். வரும் வாரத்தில் ஒரு கான்டெசாவும் ஒரு சிக்மாவும் பார்க்கப் போகிறோம். ஏரா அண்ணா, சிக்மாவைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே? கான்டெசாவில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏரா

சிக்மா 33 நல்ல படகு. டேவிட் தாமஸ் வரைந்தது, உள்ளே இடம் அதிகம், கான்டெசாவைவிட வேகம். ஒரு காலத்தில் சோலண்டில் அவற்றின் கூட்டம்தான் பெரிது. வாங்கும் முன் உங்கள் பக்கத்தில் இன்று எத்தனை சிக்மாக்கள் சேர்ந்து ஓடுகின்றன என்று நேரில் போய் எண்ணுங்கள். கூட ஓட ஆள் இல்லாவிட்டால் நீங்கள் வெறுத்த அதே கணக்குக்குத்தான் திரும்ப வேண்டும். அதன் கீல் போல்ட்டுகளால் பிணைத்தது, ஆகவே கீல் உடலோடு சேரும் விளிம்பில் துருக் கசிவோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். கான்டெசாவில் அந்தக் கவலை இல்லை. ஈயம் உடலின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கீலின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எங்காவது தரை தட்டி, வெளிப் பூச்சு உடைந்து, உள்ளே தண்ணீர் போயிருந்தால் தொட்டாலே தெரியும்.

பிறகு பாய்மரம் தளத்தில் ஊன்றும் இடத்தில் தளம் பள்ளமாகியிருக்கிறதா என்று குனிந்து கண் மட்டத்தில் பாருங்கள். உள்ளே அதற்கு நேர் கீழே உள்ள மரத் தடுப்பின் கதவு எளிதாகத் திறந்து மூடுகிறதா? இறுகினால் மேலிருந்து சுமை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுக்கானை இரு கையால் பிடித்து ஆட்டுங்கள். தளம் முழுக்க வெறுங்காலோடு நடங்கள். மெத்தென்று அமுங்கும் இடத்தில் உள்ளடுக்கு ஊறியிருக்கும். பாய்மரக் கம்பிகளை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. காப்பீட்டு நிறுவனமும் கேட்கும். படுக்கை மெத்தைகளைத் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். எனக்கு அந்தப் பாடத்துக்கு இரண்டு கோடைகளும் பிள்ளையின் புத்தகங்களும் செலவாயின. இதெல்லாம் உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் மட்டும், படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை அழைத்துப் பணம் கொடுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் சர்வேயர் வேண்டாம்.

அக்கரைக்காரி தங்கை சொன்னதை நானும் யோசித்தேன். எங்கள் மகள் போட்டிகளில் முதல் ஐந்து வருடம் கரையில்தான் நின்றாள். அது உண்மை. அதனால் ஒன்று செய்யலாம். முடிவெடுக்கும் முன் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் படகுக்கு வாருங்கள். ஸ்பின்னக்கரைப் பையிலிருந்து எடுக்க மாட்டேன். நியூடவுன் ஓடை வரை போய், நங்கூரம் போட்டுச் சாப்பிட்டுத் திரும்பலாம். போகும்போது சுக்கான் உங்கள் மனைவியிடம், வரும்போது மகளிடம். காற்று பதினெட்டு நாட் இருக்கும் நாளாகவே தேர்ந்தெடுக்கிறேன். படகு எவ்வளவு சாய்ந்து, எங்கே வந்து நிற்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். வெள்ளை ரப்பர் அடி உள்ள செருப்பு, பிள்ளைகளின் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட், ஆளுக்கொரு மாற்றுத்துணி. சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும். மகன் எந்தப் பக்கப் படுக்கையில் தூங்குவான் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துணித் தடுப்பைக் கட்டி வைக்கிறேன்.